வேல்ஸ்காரர்களுக்காக ஒரு மின்தடை

அமெரிக்காவில் மின்கம்பங்கள் மரத்தால் ஆனவை. கிளம்புவதற்கு முன் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஊறுகாய் பாட்டிலை எப்படிக் கட்டுவது, குடியேற்ற அதிகாரியிடம் எவ்வளவு சிரிப்பது என்றெல்லாம் சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை. நிலவுக்குப் போனவர்களோடு பேசிய ஹூஸ்டனுக்குச் சற்றுத் தெற்கே, பேர்லேண்டில், என் நண்பன் துரைசாமியின் வீட்டுக்குப் பின்னால் மொட்டை மரமாக ஒரு கம்பம் நிற்கிறது. அதன் தோளில் பால் கேன் அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். நான் மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். போய் இறங்கிய முதல் நாள் காலை முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரைசாமியின் மனைவி வசந்தி காபியோடு வந்தாள். "ஏனுங்ணா, அவரப் பாக்க வந்தீங்களா, கம்பத்தப் பாக்க வந்தீங்களா?" என்றாள்.

அவனைப் பார்க்கத்தான் போயிருந்தேன். சரியாகச் சொன்னால், அவனோடு பேசப் போயிருந்தேன்.

துரைசாமிக்கு இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. பொன்னுக்கு வீங்கி வந்து வேப்பிலை கட்டியதோடு சரி, வீக்கம் போனபோது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு காதை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் என்னோடு இன்ஜினியரிங் படித்தான், டெக்சாஸுக்கு வந்தான், எண்ணெய்க் குழாய்கள் வடிவமைத்தான், வசந்தியோடு முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினான். இப்போது அந்த வலது காதின் நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் மூளைத் தண்டை நெருக்கிக்கொண்டு நிற்கிறது, எடுத்தே தீர வேண்டும், எடுத்தால் காதும் சேர்ந்து போகும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிற்பாடு ஒரு கருவி பொருத்திப் பார்க்கலாமாம். பேச்சு ஓரளவு பிடிபடலாம், சங்கீதம் ஆகாதாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நான் போய் இறங்கியது அதற்கு முந்தைய புதன்கிழமை.

வசந்திதான் போன் செய்திருந்தாள். "உங்ககூடப் பேசறப்பத்தாண்ணா அவரு வாய்விட்டுச் சிரிக்கிறாரு. காது இருக்கறப்பவே ஒருக்கா வந்துட்டுப் போயிருங்க" என்றாள். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

விஷயம் வசந்திக்கும், கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனுக்கும், எனக்கும் மட்டும்தான் தெரியும். பேர்லேண்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. "சொன்னா ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்கடா. அத்தனையும் ஒத்தக் காதுல கேக்க முடியாது" என்றான். கட்டியினால் நடையும் தள்ளாடியது. சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தான். குடிக்காமலே இந்த யோகம் யாருக்கு வாய்க்கும் என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். காரை மட்டும் வசந்தி தொடவிடவில்லை. அந்த ஊரில் காரைத் தொடாத மனிதன் வீட்டுச் சிறையில் இருப்பவன் மாதிரிதான். கடுகு தீர்ந்துபோனால்கூட யாராவது வண்டி எடுக்க வேண்டும். அவன் பொறுப்பில் மிஞ்சியது, ரீசைக்கிள் குப்பைத் தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லாரிக்காக வாசலில் வைப்பதுதான்.

"சனிக்கெழம கச்சேரி மட்டும் முடிஞ்சுறட்டும்டா. அப்புறம் காத அவங்களே வச்சுக்கட்டும்" என்றான்.

கச்சேரி என்று அவன் சொன்னது நாதஸ்வரம், தவில் இல்லை. வேல்ஸ் நாட்டிலிருந்து வரும் ஒரு ராக் இசைக்குழு. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை, எழுதவும் முடியாது. மெய்யெழுத்துகளை மட்டும் ஒரு பையில் போட்டுக் குலுக்கிக் கொட்டியது போன்ற பெயர் அது. ஹாஸ்டலில் நாங்கள் 'வேல்ஸ்காரன்' என்றே சொன்னோம். துரைசாமியின் கப்பல்கார மாமா ஒருவர் கொடுத்த கேசட் அது. நாலு வருடம், தினமும், அதே கேசட். எனக்குப் பழைய சினிமாப் பாட்டு தவிர எதுவும் ஏறாது. அணைக்கச் சொல்லிக் கத்துவேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சொல்லிவிட்டு, டேப் ரிக்கார்டரைத் தூக்கி வலது காதருகே வைத்துக்கொள்வான்.

அந்த வேல்ஸ்காரர்கள் பேர்லேண்டுக்கு வருவதற்குக் காரணம் ஒரு கல்யாணம். குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் எமிர் என்பவரின் மகன் ஹூஸ்டனில் எண்ணெய் கம்பெனியில் வேலைக்கு வந்து, நாகர்கோவில் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் ஜெபா, டாக்டர். இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்காக இங்கே ஒரு இலவச கிளினிக் நடத்துகிறாள். கணக்கு வழக்குப் பார்க்க துரைசாமி அங்கே போவான். கிளினிக்குக்கு நிதி திரட்ட மாமனாரையும் அவருடைய கூட்டாளிகளையும் இலவசமாக வாசிக்க வைப்பது என்று மருமகள் முடிவு செய்துவிட்டாள். எங்கள் ஊர் மருமகள்கள் மாமனாரிடம் இவ்வளவு வேலை வாங்கி நான் பார்த்ததில்லை.

கச்சேரி, ஊர்த் தமிழர்கள் வருடா வருடம் நடத்தும் விழாவில். வியாழக்கிழமை சாயங்காலம் விழாக் குழுக் கூட்டம். இரவு உணவுப் பொறுப்பாளர் லலிதா என்பவர் வீட்டில் நடந்தது. துரைசாமியின் வலது பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கல்லூரியிலிருந்தே அதுதான் என் இடம். நிகழ்ச்சி நிரலில் இசைக்குழு பற்றிய பேச்சு, சமோசாத் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் முடிந்துவிட்டது. அதன் பிறகு தோசையைப் பற்றிப் பேசினார்கள். போன வருடம் பெட்டியில் அடைத்த பிரியாணி கொடுத்து ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதாம்.

"இந்த தடவ லைவ் தோசைதான். நம்ம கண்ணு முன்னாடி சுட்டுத் தரணும்" என்றார் லலிதா. மாம்பலத்துக்காரர். அவர் 'தரணும்' என்றால் தந்தாக வேண்டும்.

"ஆன்ட்டி, ஸ்கூல் ஹால்ல கேஸ் அடுப்பு அலவ் பண்ண மாட்டாங்க" என்றான் செந்தில். திருச்சிப் பையன், சாஃப்ட்வேர் வேலை, போக்குவரத்துப் பொறுப்பு அவனுடையது.

"எலெக்ட்ரிக் கல்லு அரேஞ்ச் பண்ணியாச்சு. பெரிய சைஸ். ரெண்டு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். விருந்தாளியாகப் போன இடத்தில் கிலோவாட் கணக்குப் பேசுவது நாகரிகம் இல்லை என்று இருந்துவிட்டேன். சட்னி இரண்டா மூன்றா என்ற வாதம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது துரைசாமி களைத்துப்போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜெபா வீட்டில் இசைக்குழுவுக்குச் சாப்பாடு. எங்களையும் கூப்பிட்டிருந்தாள். நாலு பேர், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். தோல் சட்டை, நீள முடி என்று எதிர்பார்த்துப் போனேன். ஒருவருக்கு முடியே இல்லை. இன்னொருவர் மூட்டுவலிக்குப் பட்டை கட்டியிருந்தார். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பாடகர் க்ளின் மட்டும் கழுத்தில் துண்டு சுற்றி, தொண்டையைக் காப்பாற்றுகிறேன் என்று ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தார். எமிர் கையால் பிசைந்து சாப்பிட்டார். ஜெபா, "மாமா, இன்னும் கொஞ்சம் மீன் போடவா?" என்று தமிழில் கேட்டாள். "போதும், போதும்" என்று அவரும் தமிழில் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். பாதி நாகர்கோவில்காரர் ஆகிவிட்டிருந்தார்.

துரைசாமி சாப்பிடவே இல்லை. நாற்பது வருடக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தான். கேசட்டின் இரண்டாவது பக்கத்தில் மெதுவாக ஒரு பாட்டு வரும். அதில் வரும் பெண் யார், அவள் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டான்.

எமிருக்கு முதலில் புரியவில்லை. பிறகு நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அது பெண் இல்லை. பஸ்" என்றார் எமிர். அவர்கள் கிராமத்திலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸாம். டிரம் வாசிப்பவர் தாமதமாக வந்ததால் அதை விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி நின்று எழுதிய பாட்டாம்.

இந்தப் பாட்டைக் கேட்டு துரைசாமி இரண்டாம் வருடம் ஒரு தேர்வுக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "பஸ்ஸா!" என்று மூன்று தரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிறகு நாளைக்கு அதைப் பாடுவீர்களா என்று கேட்டான்.

க்ளின் துண்டை இறுக்கிக்கொண்டார். அதைப் பாடி வருடக்கணக்காகிவிட்டது, கடைசியில் குரல் மேலே போகும் இடம் இப்போது எட்டுவதில்லை, அவமானப்பட இஷ்டமில்லை என்றார். பார்க்கலாம் என்று முடித்தார். மின்வாரியத்தில் நானும் நிறைய பேரிடம் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பியவன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். துரைசாமியும் அதே மேஜையில் உட்கார்ந்து அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் க்ளின் அந்த நிமிடமே ஒப்புக்கொண்டிருப்பார். "பாவம் பாத்துப் பாடினா அது பாட்டே இல்லடா" என்றான் திரும்பி வரும்போது.

சனிக்கிழமை மழை. இசைக்குழுவைத் தங்கியிருந்த இடத்திலிருந்து ஹாலுக்குக் கூட்டி வரும் பொறுப்பு செந்திலுடையது. துணைக்கு என்னை அனுப்பினார்கள். அவனுடைய வேனில் குழந்தைகளுக்கான இருக்கைகள் இரண்டு பூட்டியிருந்தன. கழற்ற நேரமில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகச் சுற்றிய கிட்டார்காரர், பிஸ்கட் தூளுக்கு நடுவில், முழங்கால் இரண்டும் தாடையைத் தொட உட்கார்ந்து வந்தார். செந்திலுக்கு ஒரே உற்சாகம். கிளினிக்கைப் பற்றியும் டெக்சாஸ் வெயிலைப் பற்றியும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே ஃப்ரீவேயில் இறங்கி ஏறி, ஒரு கட்டடத்தின் முன்னால் நிறுத்தினான். நால்வரும் இறங்கி, கிட்டார் பெட்டிகளோடு உள்ளே போனார்கள். நானும் போனேன்.

உள்ளே சின்னப் பெண் குழந்தைகள் அரைமண்டியில் நின்று தட்டடவு போட்டுக்கொண்டிருந்தார்கள். நட்டுவாங்கக் கட்டையை ஓங்கிய டீச்சர் அப்படியே நிறுத்தினார். சனிக்கிழமை தோறும் அந்த நேரத்துக்குச் செந்தில் மகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அங்கே கொண்டுவந்து விடுவான். வண்டியும் அவனும் பழக்க தோஷத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். "சாரி அங்கிள், கை தானா திருப்பிடுச்சு" என்றான். வேல்ஸ்காரர்கள் ஒன்றும் அவசரப்படவில்லை. டிரம் வாசிப்பவர் அந்தக் கட்டையையும் பலகையையும் வாங்கித் தட்டிப் பார்த்து, இது தன்னுடையதைவிட எடுத்துப்போக வசதியானது என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

ஹாலுக்கு வந்து சேரும்போது விழா ஆரம்பித்துவிட்டிருந்தது. வாழ்த்துப் பாடல், இரண்டு தேசிய கீதம். தங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று எமிர் மெதுவாகச் சொல்ல, யாரோ அதைப் போனில் தேடி எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். பிறகு குழந்தைகள் நடனம். பிறகு வரவேற்புரை. வரவேற்புரை ஆற்றியவரை வரவேற்று இன்னொரு உரை. பிறகு பொன்னாடை. ஊர் வழக்கப்படி போர்த்திய பொன்னாடையை மேடையை விட்டு இறங்குவதற்குள் மடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை வேல்ஸ்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஜரிகைக் கரை போட்ட பொன்னாடையோடேயே அவர்கள் கிட்டாரை மாட்டிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு ஹாலைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோதுதான் அவர்களுக்கு மேடை கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தாழ்வாரத்தில் சாப்பாடு தயார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தமிழர் கூட்டத்தைக் கலைக்கத் தடியடி தேவையில்லை. முதல் பாட்டின் பாதியில் முன்வரிசையில் துரைசாமியும் வசந்தியும் நானும், பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையும் அதன் அப்பாவும்தான் மிச்சம்.

இரண்டாவது பாட்டில் சத்தம் நின்றது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கிட்டார்காரரின் கை கம்பிகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. க்ளின் வாயை அகலத் திறந்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. டிரம்காரர் ஏதோ பிசகு என்று குச்சியை ஓங்கியபடி நிறுத்தியிருந்தார்.

துரைசாமி என் முழங்கையைப் பிடித்தான். எலும்பு வலித்தது. "டேய்," என்றான், "போயிருச்சாடா?"

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. அவன் வலது காதருகே குனிந்து, "கரண்ட்டுடா. உன்ற காது இல்ல, கரண்ட்டு" என்றேன்.

"நீ பேசறது கேக்குது" என்றான். "கேக்குதுடா." பிடியை விடவில்லை.

ஹால் பொறுப்பாளர் போய் பிரேக்கரைத் தூக்கிவிட்டு வந்தார். நாலு வரி பாடினார்கள், மறுபடி போனது. மறுபடி தூக்கினார், மறுபடி போனது. முப்பது வருடத்துக்கு மேல் இதே வியாதியைப் பார்த்தவன் நான். வசந்தியை அவனுடைய வலது பக்கம் உட்கார வைத்துவிட்டு எழுந்து போனேன். மேடைக்குப் பின்னால் மஞ்சள் நிற எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று சாரைப்பாம்பு மாதிரி கதவுக்கு அடியில் நுழைந்து போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டே போனால் தாழ்வாரத்தில் இரண்டு மின்சாரத் தோசைக்கல்லும் ஒரு காபி கொதிகலனும். அவற்றுக்கு முன்னால் பேர்லேண்டின் மொத்தத் தமிழ்ச் சமூகமும் காகிதத் தட்டோடு வரிசையில் நின்றது.

லலிதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மேடைக்கும் இதற்கும் ஒரே சர்க்யூட், இரண்டையும் தாங்காது, அரை மணி நேரம் கல்லை நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் கல்லிலிருந்து கரண்டியை எடுக்கவே இல்லை. "என்ன சார் பேசறீங்க? கொழந்தைங்க பசியா நிக்கறாங்க. பாட்டு எப்ப வேணா கேட்டுக்கலாம் சார். இப்போ மாவு பொங்கி வழியுது."

பாட்டு எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அவர்மேல் தப்பே இல்லை, எல்லோருக்கும் அது உண்மைதான். உண்மை இல்லாத ஒரே ஒருவனைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். திரும்பி நடந்து, மேடைக்குப் பின்னால் போய், ஹால் பொறுப்பாளர் பிரேக்கரை மறுபடி தூக்கிவிட்ட கையோடு மஞ்சள் வயரைப் பிடுங்கினேன்.

தாழ்வாரத்தில் "ஐயோ" என்ற சத்தம் கேட்டது. என் பணிக்காலம் முழுக்கக் கேட்ட சத்தம்தான். போய் நின்றேன்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் லலிதா.

"லைன்ல ஃபால்ட்டுங்க. பாத்துட்டு இருக்காங்க."

"எப்ப வரும்?"

"பத்து நிமிசத்துல வந்துரும்" என்றேன். என் வாழ்நாளில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வரிசையின் நடுவில் ஒருவர், "ஊர்லதான் இந்த கரண்ட் கட் கொடுமைன்னு பிளைட் ஏறி இங்க வந்தோம்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். நான் வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் போனேன். விட்டுவிட்டு வந்தால் யாராவது மறுபடி சொருகிவிடுவார்கள், நம் ஆட்களை எனக்குத் தெரியும். தோசை இல்லாத இடத்தில் நின்று என்ன செய்வது என்று மெல்ல மெல்ல ஜனங்களும் என் பின்னால் வந்தார்கள். உணவுப் பொருள் உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற பலகையைத் தாண்டி, பாதித் தோசையும் சட்னியுமாக வந்து உட்கார்ந்தார்கள். தங்களுக்காகத்தான் கூட்டம் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறது என்று நினைத்த வேல்ஸ்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் நேரம் போய்விட்டது. ஹால் பொறுப்பாளர் கதவருகே நின்று ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரே பாட்டு. க்ளின் மற்றவர்களிடம் திரும்பி ஏதோ சொன்னார். உலகம் முழுக்கத் தெரிந்த அவர்களுடைய துள்ளல் பாட்டாகத்தான் இருக்கும்.

துரைசாமி எழுந்தான். நான் பிடிப்பதற்குள் இரண்டடி தள்ளாடிப் போய் மேடை விளிம்பைப் பற்றிக்கொண்டு, "பஸ்!" என்று கத்தினான். அவன் பொது இடத்தில் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. க்ளின் குனிந்து தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டி மறுத்தார். துரைசாமி ஆங்கிலத்தில் சொன்னான்: "மேலே போகும் இடம் வரும்போது என்னிடம் கொடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

 க்ளின் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். எமிரிடம் தலையசைத்தார்.

பாட்டு எப்படி இருந்தது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மெதுவாக இருந்தது. கிழட்டுக் குரல், அங்கங்கே மூச்சு வாங்கியது. வசந்தி கண்ணை மூடியிருந்தாள். துரைசாமி உட்காரவில்லை. மேடை விளிம்பில் கையூன்றி, வலது காதை முன்னால் கொடுத்து, சாய்ந்து நின்றான். அந்த இடம் வந்தபோது க்ளின், அவன் கேட்டபடியே, ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

துரைசாமிக்குப் பாட வராது. ஹாஸ்டல் குளியலறையிலேயே தடை செய்யப்பட்டவன். அவன் பாடியதற்கும் அந்த இசைக்கும் சுருதியில் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை தப்பவில்லை, குரல் எட்டும் இடம்வரை போய் அதற்கு மேலும் போயிற்று, உடைந்தது, நிறுத்தாமல் பாடினான். ஹால் முழுக்க ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை. கதவருகே லலிதா கரண்டியோடு நின்றார். என் மடியில் மஞ்சள் வயர் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டும்போது என் பக்கத்தில் வந்து விழுந்தாற்போல் உட்கார்ந்தான். "எப்பிடிடா இருந்துச்சு?"

"கேவலமா இருந்துச்சு."

"எனக்கும் அப்பிடித்தான்டா கேட்டுச்சு" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

வயரைத் திருப்பிச் சொருகினேன். கல் மறுபடி சூடேறியது. கடைசிவரை எனக்கு மட்டும் தோசை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆஸ்பத்திரி. அது ஒரு ஊர் அளவுக்கு இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் விமான நிலையம் மாதிரி ஒரு திரை, அதில் நோயாளிகளின் எண்கள், யார் எந்தக் கட்டத்தில் என்று நிறம் நிறமாக ஓடிக்கொண்டிருந்தன. கலிபோர்னியாவிலிருந்து மகன் வந்திருந்தான். உள்ளே கொண்டுபோவதற்கு முன், ஆளுக்கு ஒரு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றாள் நர்ஸ்.

மகன் முதலில் குனிந்து பேசினான், கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். நான் குனிந்து, ஹாஸ்டலில் அவனைத் தினமும் எழுப்பும் கெட்ட வார்த்தையைச் சொன்னேன். சிரித்தான். கடைசியாக வசந்தி. அவள் இரண்டு மூன்று நாளாகச் சமையலறையில் தனியாக உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தாள். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. நர்ஸ் கட்டிலின் சக்கரத்தை விடுவித்தாள்.

"ஏங்க," என்றாள் வசந்தி, "ரீசைக்கிள் தொட்டி இந்த வாரமா, அடுத்த வாரமா?"

"இந்த வாரந்தான். நாளைக்குக் காலைல. மூடிய நல்லா மூடி வையி, இல்லாட்டி எடுக்காமப் போயிருவான்" என்றான் துரைசாமி. கட்டில் நகர்ந்து போய், கதவு மூடியது.

அவள் அங்கேயே நின்றாள். "என்னங்ணா இப்பிடிக் கேட்டுப்போட்டேன்? என்னென்னமோ சொல்லணும்னு வச்சிருந்தேன். அவரு காதுல கடேசியா விழுந்தது குப்பத் தொட்டிங்களா?" என்றாள்.  காபி வாங்கி வந்து கொடுத்தேன். அது ஆறும்வரை கையில் வைத்திருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். கட்டி முழுதும் எடுத்தாயிற்று, முகம் கோணவில்லை, காதைப் பற்றி முன்பே சொன்னதுதான் என்றார். அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

புதன்கிழமை காலை வெகு நேரம் கழித்துத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. கண் மூடியிருந்தது. வசந்தி கையைப் பிடித்ததும் திறந்தான். அவள் உதடு அசைவதைப் பார்த்தான். என் உதட்டையும் பார்த்தான். புரிந்துகொண்டான் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால், தீவிர சிகிச்சைப் பிரிவு முழுதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

"வசந்தி! தொட்டிய வெளிய வச்சியா?"

அவள் வைக்கவில்லை. லாரி அந்நேரம் வந்து போயிருக்கும். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு, எப்போதும் பேசுவதுபோலவே அவனுடைய வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "வச்சுட்டேனுங்க, மூடியெல்லாம் நல்லா மூடி வச்சுட்டேனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.